ஒன்பது பச்சைப் புள்ளிகள்

மண்டபம் நிலையத்தில் ஏசி
இயந்திரங்களுக்காக ஓடுகிறது.
நான் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறேன்.
திரையில் ஒன்பது ரவுட்டர்கள், ஒன்பது பச்சைப் புள்ளிகள்:
தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, பாம்பன்,
தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம்,
கடைசியில் மூக்கையூர்.

மூக்கையூரிலிருந்துதான் இன்னாசி கூப்பிட்டார்,
மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர்.
"முந்தாநேத்துலேர்ந்து ஒலிபெருக்கி ஊமையா கெடக்கு மேடம்.
காத்து எச்சரிக்கை ஒண்ணும் வரல.
நெட்டு இருக்கு. பயலுக படம் பாக்குறானுக."
இங்கே எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது என்றேன்.
"ஒங்க பச்சைய வச்சு நாங்க என்ன செய்ய?"

கம்பி ஒன்றுதான்.
அதன்மேல் மூன்று வரைபடங்களை விரித்திருக்கிறோம்.
எல்லாச் சரக்கும் போக அடிப்படை வரைபடம்.
குரலுக்குத் தனி, தாமதிக்காத வழிகள் மட்டும்.
காட்சிக்குத் தனி, அகலமான வழிகள் மட்டும்.
ஒரே பெட்டி மூன்றையும் மடித்து வைத்திருக்கும்.
ஒன்றில் சாலையாக இருப்பது
மற்றொன்றில் வெறும் தண்ணீர்.

இதைப் பாதி சொல்லியிருப்பேன், இடைமறித்தார்:
"மேல கச்சான் அடிக்கும், அடியில சோநீவாடு ஓடும்.
வள்ளம் ஒரு பக்கம், வலை ஒரு பக்கம்.
நீங்க எதப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

காற்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

கண்காணிப்புச் சர்வர் ஐந்து நிமிடத்துக்கொருமுறை
ஒவ்வொரு ரவுட்டரையும் தட்டி
அண்டை நலமா என்று கேட்கிறது.
எந்த வரைபடத்து அண்டை என்று கேட்பதில்லை.
கேட்காவிட்டால் அடிப்படையைத்தான் சொல்லும் பெட்டி.
பொய் இல்லை.
பொய்யாக இருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

உள்ளே நுழைந்தேன். சிமிட்டுகிறது கர்சர்.
குரல் வரைபடத்துக்கு ஒரு சூழல் பெயர் வைத்து
வழிகாட்டும் நெறிமுறைக்குள் அதன் அடியில் கட்டினேன்.
இனி அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்
குரலைப் பற்றி மட்டும் பதில் வரும்.

அடுத்து அது கேட்பது கம்யூனிட்டி.

இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடியபோது
எட்டு வாசலில் அதே கேள்வி.
ஒன்பதாவது வாசலில் கேட்கவில்லை,
என் பெயரைக் கேட்டதும் சாவி தொலைந்துவிட்டது.
இங்கே அது வெறும் ரகசியச் சொல்,
எதை வேண்டுமானாலும் தட்டலாம்.
நிறுவியவர் மாற்றாமல் விட்டிருந்த சொல்லுக்குப்
'பொது' என்று அர்த்தம்.
தணிக்கையில் அதைப் பாதுகாப்புக் குறை என்பார்கள்.
அழித்துவிட்டு
எழுத்தும் எண்ணுமாய்ப் பதினெட்டு தட்டினேன்,
சூழலோடு இணைத்தேன், சேமித்தேன்.
இப்படி ஒன்பது பெட்டிகள்.
ஏர்வாடியில் மட்டும் இரண்டு முறை, எழுத்துப்பிழை.

மூன்றே முக்காலுக்கு மறுபடி கேட்கச் சொன்னேன்.
பழைய வரிசையில் ஒன்பது பச்சை, அசையவில்லை.
அதன் கீழே புதிதாய் முளைத்த வரிசையில்
எட்டுப் பச்சை
ஒரு சிவப்பு.
வாலிநோக்கம் – மூக்கையூர், குரல் அண்டை இல்லை,
ஐம்பத்தொரு மணி நேரமாக.

பதிவுகளைப் பின்னோக்கித் தள்ளினேன்.
அந்த இணைப்பைப் புதுக்கார்டுக்கு மாற்றியபோது
குரலுக்கான ஒரு வரி விடுபட்டிருக்கிறது.
மாலை 6:12.
பயனர் என்ற இடத்தில் என் பெயர்.

வரியைப் போட்டேன். ஒற்றை வரி.
பதினோரு வினாடி சிவப்பாகவே இருந்தது.

இன்னாசி திரும்பக் கூப்பிட்டார்.
அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கி
மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று
கரகரத்துக்கொண்டிருந்தது.
"கேக்குது மேடம்" என்றார்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"மூணு வள்ளம் நேத்தே போயிருச்சு."

அந்த மூன்றையும் தட்டிக் கேட்க
என்னிடம் எந்தச் சூழல் பெயரும் இல்லை.
வள்ளங்களின் பெயர் கேட்டேன்.
எதற்கு என்றார், பிறகு சொன்னார்.

பணிப்பதிவேட்டில்
'பாதிக்கப்பட்ட கருவிகள்' என்ற கட்டத்தில்
எழுதினேன்:
சகாயராணி. ஆரோக்கிய ஜெனோவா.
மூன்றாவதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம்,
புது வள்ளம்.